தம்பி கேட்ட ஒரு வார்த்தை

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்கு வருகிறார் என்று அம்மா சொன்னபோது, ஜெஸ்ஸி “தோத்திரம்” என்றாள். சொன்னது அவள் வாய் மட்டும்தான்.

அது வியாழக்கிழமை. இன்று சனிக்கிழமை விடிந்துவிட்டது. அந்தச் சந்தோஷச் செய்தி இன்னும் அவளுக்குள் இறங்கவில்லை. தொண்டையில் சிக்கிய மீன் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆறு வருஷம் ஆகிறது, அப்பா கோயிலுக்குள் கால் வைத்து.

பெரியப்பா அப்பாசாமியை அடக்கம் செய்த நாளில் நடந்த விஷயம் அது. கல்லறைத் தோட்டத்தில் வாசல் பக்கம் நல்ல இடம் காலியாக இருந்தது. சபைச் செயலர் ஆபிரகாம், “உங்களுக்கெல்லாம் பின்னாடி, செவுத்தோரம்” என்று கையைக் காட்டினார். அப்பா ஏசுபாதத்தின் தாத்தா யார் வயலில் கூலிக்கு நின்றார், எந்தத் தெருவுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார் என்பதெல்லாம் அந்த ‘உங்களுக்கெல்லாம்’ என்ற ஒரு சொல்லில் இருந்தது. அண்ணனைச் சுவர் ஓரம் புதைத்துவிட்டு வந்த ஏசுபாதம், அதன் பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அங்கே போகவில்லை.

அப்போது ஜெஸ்ஸிக்குப் பதினைந்து வயது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அவளுடைய போராட்டம்.

வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம். ஞாயிறு காலையில் அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைப்பாள். அவர் அதைப் பார்த்தும் பாராமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். வசனம் சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். சென்னைக்குப் போய் எம்.எஸ்ஸி. சேர்ந்த பிறகும் ஹாஸ்டல் ஜெபக் கூட்டத்தில் அவளுடைய முதல் விண்ணப்பம் அப்பாதான். “ஜெஸ்ஸியோட அப்பாவுக்காக” என்றால் அந்த ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும்.

தம்பி ஜெபசிங் என்கிற ஜெபாவோ, பிரசங்கம் ஆரம்பித்ததும் பின்வாசல் வழியாக நழுவி கிரிக்கெட் ஆடப் போகிற ரகம். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் முடித்துவிட்டு இந்த மே லீவுக்கு வந்தவன், வேறு ஆளாக வந்திருந்தான். ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாலு பையன்களோடு ஜெபிக்கப் போனானாம். அவ்வளவுதான் சொன்னான். காலையில் எழுந்து அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாய் அசைத்துப் படித்தான்.

முதல் வாரம், தானும் லீவுக்கு வந்திருந்த ஜெஸ்ஸி மனமாரச் சந்தோஷப்பட்டாள். இரண்டாம் வாரம் அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் ‘என் புள்ள மாறிட்டான்’ என்று சொல்லத் தொடங்கியபோது லேசாக எரிச்சல் வந்தது. மாறாமலே ஒழுங்காக இருந்தவளைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இல்லையே!

மூன்றாம் வாரம்தான் இந்த வியாழக்கிழமை வந்தது. ஜெபா அப்பாவிடம் கோயிலுக்கு வரச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, “பெரியப்பாவ எந்த எடத்துலப்பா வெச்சிருக்கீங்க? எனக்கு அப்ப அம்மை போட்டிருந்தது, நான் வரல. காட்டுங்களேன்” என்று கேட்டானாம். இரண்டு பேரும் சைக்கிளில் போனார்களாம். சுவர் ஓரம் மண்டியிருந்த முள்ளையெல்லாம் வெட்டினார்களாம். திரும்பி வந்த அப்பா அம்மாவிடம், “இந்த ஞாயித்துக்கெழம நானும் வரேன் சாராள்” என்றாராம்.

“ஒரு வார்த்ததான் கேட்டான்டி உன் தம்பி! ஒரே வார்த்த!” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ‘ஒரே வார்த்த’தான் முள்.

* * *

சனிக்கிழமை சபையின் வாலிபர் ஐக்கியத்தின் ஒரு நாள் கூடுகை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் கடற்கரைச் சவுக்குத் தோப்பு. ஐக்கியத்தின் செயலர் ஜெஸ்ஸி. இடம் பார்த்தது, சாப்பாடு சொன்னது, பாட்டுத் தாளை ஜெராக்ஸ் எடுத்தது எல்லாம் அவள். வேனுக்கு டிரைவர் கடைசி நேரத்தில் வரவில்லை.

“நான் ஓட்டறேன்” என்றார் ஏசுபாதம்.

கல்பாக்கம் அணுசக்தி நகரியத்தின் ஸ்டாஃப் பஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுகிறவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அந்தச் சாலையில் அவருக்குத் தெரியாத பள்ளம் கிடையாது. ஆனால் கோயில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் ஸ்டியரிங் பிடித்தது, வேனில் இருந்த எல்லாருக்கும் ஒரு செய்தியாக இருந்தது. போதகர் முன் சீட்டில் உட்கார்ந்து அவர் தோளைத் தொட்டார்.

“ஏசுபாதம் அண்ணே, ரொம்ப சந்தோஷம்.”

“ரோட்டப் பாக்கணும் பாஸ்டர், கைய எடுங்க” என்றார் ஏசுபாதம். ஆனால் சிரித்தார்.

பின்னால் பையன்கள் கிதார் வாசித்தார்கள். ஜெபா நடுவில் உட்கார்ந்து சலங்கைத் தகடு வைத்த டேப்பைத் தட்டினான். தாளம் தப்பித் தப்பிப் போயிற்று. ஆனாலும் எல்லாரும் அவனைப் பார்த்துத்தான் பாடினார்கள்.

தோப்பில் பாய் விரித்தார்கள். கடல் காற்றில் பாட்டுத் தாள்கள் பறந்தன. ஜெஸ்ஸி ஆளுக்கொரு கூழாங்கல் பொறுக்கிக் கொடுத்து மேலே வைக்கச் சொன்னாள். அவளுடைய வரவேற்புரை இரண்டு நிமிஷம். அதைத் தயார் செய்ய இரண்டு நாள் ஆகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பிறகு போதகர் ஜெபாவை எழுப்பிச் சாட்சி சொல்லச் சொன்னார்.

அவன் எழுந்து, நின்று, மண்ணைப் பார்த்தான். “எனக்குப் பேச வராது” என்றான். “நான் கோயிலுக்கு வந்ததே அக்காவுக்குப் பயந்துதான். காலேஜ் போனப்புறம் யாரும் கேக்கல, அதனால போவல. ஒரு நாள் நைட்டு ரொம்பத் தனியா இருந்தது. எனக்கு யாரும் இல்லன்னு தோணுச்சி. அப்ப மாடியில பாடற சத்தம் கேட்டுது. போனேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் தனியா இல்ல.”

உட்கார்ந்துவிட்டான். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். தள்ளி, வேன் நிழலில் நின்றுகொண்டிருந்த அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

‘அக்காவுக்குப் பயந்துதான்!’ எல்லாரும் சிரித்த அந்த இடத்தில் ஜெஸ்ஸியும் சிரித்திருந்தாள். காது மட்டும் சூடாக இருந்தது. இத்தனை வருஷமாக ஞாயிறு பள்ளியில் வாங்கிய பரிசுகள், மனப்பாடம் செய்த அதிகாரங்கள், பசியோடு கழித்த வெள்ளிக்கிழமைகள் எதையும் அவளால் இப்படி நாலு வரியில் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு ‘ஒரு நாள் நைட்டு’ நடந்ததே இல்லை. அவள் எப்போதும் இங்கேதான் இருந்தாள். எப்போதும் இருப்பவளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

சாப்பாட்டுக்கு முன் ஜெபா அவளைத் தேடிக்கொண்டு வந்தான்.

“அக்கா, ஒன்னு சொல்லணும். உன்கிட்ட மட்டும்தான்.”

தண்ணீர் விளிம்பு வரைக்கும் நடந்தார்கள். ஒரு படகு கவிழ்த்துப் போட்டிருந்தது. அதில் சாய்ந்துகொண்டான்.

“நான் காலேஜ வுட்டுடலாம்னு இருக்கேன்.”

“என்னடா சொல்ற?”

“ஊழியத்துக்குப் போணும்க்கா. பாஸ்டர்கிட்டகூட இன்னும் கேக்கல. இறையியல் காலேஜுல சேரணும்.”

“அரியர் இருக்கா?”

அவன் முகம் சிவந்தது. “இருக்கு. ரெண்டு. அதுக்காக இல்ல.”

“டிகிரி முடிச்சிட்டுப் போயேன்.”

“இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. டிராயிங் போர்டு முன்னாடி நின்னா கையே ஓடல. யாரோ பின்னாடி நின்னு கூப்ட்டுகினே இருக்கிற மாதிரி கீது.” அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அப்பாவுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாளைக்கு அவரு நிம்மதியா கோயிலுக்கு வந்துட்டுப் போவட்டும். இது அதுல கலக்கக் கூடாது. அப்புறம் ஒரு நாள் பொறுமையா நானே சொல்றேன். நீ எனக்காக ஜெபம் பண்ணு. அப்பாவுக்காக அத்தன வருஷம் பண்ணவ இல்ல நீ?”

அவன் அதை மரியாதையோடுதான் சொன்னான். அவளுக்கு அது ஏளனமாகக் கேட்டது.

“சரி” என்றாள்.

* * *

எல்லாரும் சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்ஸி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். அவர் வேன் படியில் உட்கார்ந்திருந்தார். தெற்கே, தூரத்தில், நகரியத்தின் கட்டடங்கள் வெயிலில் மங்கலாகத் தெரிந்தன.

“உக்காரு கண்ணு. நீ துன்னியா?”

“அப்புறம் சாப்படறேன்ப்பா.”

அவர் சாதத்தைப் பிசைந்தபடி அந்தக் கட்டடங்களைக் காட்டினார். “தோ, அங்க ஆபீசருங்கள டெய்லி எறக்கி வுட்டுட்டு நான் ஷெட்டுல நிப்பேன். ஒவ்வொருத்தன் முகமும் எனக்குத் தெரியும். என் முகம் எத்தினி பேருக்குத் தெரியும்? ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் புள்ள இன்ஜினீயரா அந்த பஸ்ஸுல ஏறணும். மொத சீட்டுல. நான் ஓட்டிகினு போயி எறக்கி வுடணும். போதும்.”

ஜெஸ்ஸி அவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள்.

“நல்ல புள்ளம்மா அவன். எங்கண்ணன எங்க வெச்சிருக்கேன்னு கேட்டான் பாரு. ஆறு வருஷமா கோயிலுக்கு வா, வான்னு எல்லாரும் கூப்ட்டாங்க. நான் ஏன் போவலன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.” அவர் அவள் பக்கம் திரும்பினார். குரலில் குற்றம் எதுவும் இல்லை. “உனக்குக்கூடத் தோணலையே கண்ணு.”

அவ்வளவுதான்.

“அவன் இன்ஜினீயர் ஆவப் போறதில்லப்பா” என்றாள் ஜெஸ்ஸி.

அப்பாவின் கை தட்டில் நின்றது.

“இன்னா?”

“காலேஜ வுட்டுட்டு ஊழியத்துக்குப் போறானாம். இப்பத்தான் சொன்னான்.”

“யாரு, ஜெபாவா?”

“ஆமாம்.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அது வெறும் வாய் தவறியதாகப் போயிருக்கும். அவள் நிறுத்தவில்லை. “நாளைக்கு நீங்க கோயிலுக்கு வந்தப்புறம்தான் சொல்லணும்னு இருக்கான். அதுக்குத்தானே மொதல்ல உங்கள கோயிலுக்கு வர வெச்சான்? அங்க வந்து உக்காந்துட்டா, அப்புறம் வேணாம்னு சொல்ல மாட்டீங்க இல்ல?”

சொல்லி முடித்ததும் அவளுக்கே அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனால் எவ்வளவு சுத்தமாக, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது!

ஏசுபாதம் மிச்சச் சாதத்தை அப்படியே காக்கைக்குப் போட்டார். தட்டை மணல் போட்டுத் துலக்கினார். வேனுக்குள் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

* * *

திரும்பும் வழியில் அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தியபோதும் இறங்கவில்லை. போதகர் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார். “வேணாம் பாஸ்டர்” என்றார்.

“உடம்பு சரியில்லையா அண்ணே?”

“வண்டி ஓட்டற உடம்பு கீது.”

பின்னால் மறுபடியும் பாட்டு கிளம்பியது. ஜெஸ்ஸி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பாடவில்லை. பக்கத்திலிருந்த பெண் சிநேகா, “இன்னா அக்கா, டயர்டா?” என்று கேட்டாள். “ம்” என்றாள்.

கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தாள். ஜெபம் அவளுக்குப் பழக்கமான விஷயம். சரியான சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். இன்றைக்கும் வந்தன. தம்பிக்கு ஞானத்தைத் தாரும், அப்பாவுக்கு நல்ல மனசைத் தாரும் என்று அழகாக வந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

கடைசியில் அவள் உதடு அசையாமல் சொன்னாள்: ‘ஆண்டவரே, எனக்கு அவன்மேல பொறாம. அப்பா கோயிலுக்கு வராமலே இருந்தாக்கூடப் பரவாயில்ல, அவனால வரக் கூடாதுன்னு நெனச்சேன்.’

சொன்னதும் பயந்துபோய்க் கண்ணைத் திறந்தாள். இப்படி ஒரு ஜெபத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை. மன்னியும் என்றுகூடச் சேர்க்கவில்லை. வேன் செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி தெரிகிற இடத்துக்கு வந்துவிட்டிருந்தது.

* * *

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுக் கறி வாங்கி வைத்திருந்தாள், நாளைக்கு.

“இன்னாங்க, நாளைக்கு எட்டரைக்குக் கெளம்பினா சரியா இருக்கும் இல்ல?”

“நாளைக்கு எனக்கு டூட்டி.”

“ஞாயித்துக்கெழமயா?”

“கேட்டு வாங்கிக்கிறேன்.” செருப்பைக் கழற்றியபடியே ஏசுபாதம் மகனைப் பார்த்தார். “டேய், இங்க வா. படிப்ப வுடப் போறியா?”

ஜெபாவின் முகம் வெளுத்தது. அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக ஜெஸ்ஸியைப் பார்த்தான். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

“அப்பா, நானே சொல்லலாம்னு...”

“எப்ப? என்னக் கோயில்ல உக்கார வெச்சிட்டா? எங்கண்ணன் கல்லறையக் காட்டுன்னு கேட்டியே, அது இதுக்குத்தானா? செத்தவன வெச்சி என்ன வளைக்கப் பாத்தியா?”

“ஐயோ, இல்லப்பா! யேசப்பா சத்தியமா இல்ல!”

“அவரு பேர இழுக்காத!”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னாடா படிப்ப வுடறது? இன்னாங்க சொல்றீங்க?” என்று மாறி மாறிப் பார்த்தாள். ஏசுபாதம் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாளைக்குக் காலையில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். கழுவித்தான் கொடுப்பார். அது அவர் பழக்கம்.

ஜெபா அக்காவின் எதிரில் வந்து நின்றான்.

“ஏன் சொன்ன?”

“வாய் தவறி...”

“பொய் சொல்லாத! உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? சரி, சொன்ன. கல்லறைய எதுக்குடி இழுத்த?” இத்தனை வயசில் அவன் அவளை ‘டி’ போட்டதில்லை. நரம்பு புடைக்கக் கத்தினான். “நீ ஒருத்திதான் இந்த வூட்ல பரிசுத்தவாட்டி. வேற யாரும் ஆண்டவர் கிட்ட நெருங்கக் கூடாது. அப்படித்தானே? போ! இனிமே எதையும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்!”

கையிலிருந்த டேப்பைச் சுவரில் வீசியடித்தான். அதன் சலங்கைத் தகடுகள் சிதறி உருண்டன. கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

ஜெஸ்ஸி அசையாமல் நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்குள் எழுந்தது அழுகை இல்லை. ‘இதுதான் உன் சாட்சியா? மூணு வாரம்கூடத் தாங்கலையே!’ என்று ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது. நிச்சயமாகச் சந்தோஷம்தான். இனிப்பாகவே இருந்தது.

அதை அவள் முழுசாக உணர்ந்த பிறகுதான் குனிந்து, சிதறிய தகடுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“ஜெஸ்ஸி” என்று அம்மா மெதுவாகக் கூப்பிட்டாள். “நீ இன்னாடி பண்ணின?”

பொறுக்கிய தகடுகளை ஜன்னலில் வைத்துவிட்டு அவள் தெருவுக்கு இறங்கினாள்.

* * *

தெருக்குழாய் பக்கத்தில் வேன் நின்றது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிதியடிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். கடல் மணல் கொட்டியது. ஜெஸ்ஸி துடைப்பத்தை எடுத்து வேனுக்குள் ஏறி, சீட்டுக்கடியில் பெருக்கத் தொடங்கினாள்.

“அப்பா.”

“ம்.”

“ஜெபா காலேஜ வுடணும்னு சொன்னது நெஜம். மத்தது நானா சேத்தது.”

அவர் நிமிர்ந்தார்.

“கோயிலுக்கு வர வெச்சி வளைக்கலாம்னு அவன் நெனைக்கவே இல்ல. நாளைக்கு நீங்க நிம்மதியா வந்துட்டுப் போவணும், இது அதுல கலக்கக் கூடாதுன்னுதான் சொன்னான். நான் மாத்திச் சொன்னேன்.”

“ஏன்?”

துடைப்பத்தின் பிடியை அவள் இறுக்கிக்கொண்டாள். “பொறாமப்பா.”

அவர் கையிலிருந்த மிதியடியைக் கீழே போட்டார்.

“பொய் சொன்னியா?” என்றார், நம்ப முடியாமல். “நீயா?”

“ஆமாம்ப்பா.”

அவர் வேன் படியில் உட்கார்ந்தார். கோபிப்பார், அடிப்பார் என்றுகூட அவள் எதிர்பார்த்தாள். ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “ஒன்னு சொல்லு. ஆறு வருஷமா எனக்காக ஜெபம் பண்ணியே, நான் கோயிலுக்கு வரணும்னா? இல்ல, உன்னாலதான் வந்தேன்னு ஆவணும்னா?”

நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியிலேயே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, “ரெண்டும்தான்ப்பா” என்றாள். “ரெண்டாவதுதான் ஜாஸ்தின்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது.”

“ம்.”

“அடக்கம் பண்ணும்போது நான் உங்க பக்கத்துலதான் நின்னேன். ஆபிரகாம் ஐயா சொன்னதும் காதுல வுழுந்தது. அது உங்களுக்கு எவ்ளோ வலிச்சிருக்கும்னு ஒரு நாளும் நான் கேக்கல. கேட்டா உங்க பக்கம்தான் நியாயம்னு ஆயிடும், நீங்க ஜெயிச்சிடுவீங்கன்னு பயம்.”

இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பா அவளைத் தேற்றவில்லை. மிதியடியை எடுத்து மறுபடியும் ஒரு தரம் உதறினார். அதில் மணல் எதுவும் இல்லை.

“படிப்ப வுடறத நான் ஒத்துக்க மாட்டேன்” என்றார். “அது வேற. அத அவன்கிட்ட தனியாப் பேசிக்கறேன். அவனும் வாயில சத்தியம் பண்ணிட்டா ஆச்சுன்னு நெனைக்க வேணாம்.”

“சரிப்பா.”

“நாளைக்குக் காலைல டூட்டிக்குப் போவல, ஒரு எடத்துக்குப் போறேன். கோயிலுக்கு இல்ல. ஆபிரகாம் வூட்டுக்கு.”

ஜெஸ்ஸி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த ஆள நேராப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும். ‘உங்களுக்கெல்லாம்’னியே, யாருக்கெல்லாம்னு கேக்கணும். அதுக்கு அவரு இன்னா பதில் சொல்றாரோ, அதப் பாத்துத்தான் கோயிலுக்குள்ள போறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன். முள்ள வெட்டிட்டு வந்துட்டா முடிஞ்சி போச்சின்னு நானும் நெனச்சேன். முடியல.” அவர் அவளைப் பார்த்தார். “நீ கூட வா.”

“நானா? ஜெபாவக் கூட்டிகினு போங்கப்பா. அவன்தானே...”

“அவன் வந்தா ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வுட்டுடுவான். எனக்கு இப்ப சமாதானம் வேணாம். தன்மேல இருக்கிற அழுக்கையே மறைக்காம சொல்ற ஆளு ஒன்னு பக்கத்துல நின்னா, எனக்கும் கேக்கறதுக்கு தைரியம் வரும்.”

ஆறு வருஷத்தில் அப்பா அவளை எங்கேயும் கூட வரச் சொன்னதில்லை. ஜெஸ்ஸி தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

இரண்டு கையிலும் வாளியோடு ஜெபா நின்றுகொண்டிருந்தான். அப்பாவுக்கு உதவி செய்ய, மன்னிப்புக் கேட்க, எதற்கோ வந்திருக்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தால் அவள் ஒப்புக்கொண்டதையும் கேட்டிருப்பான். ஆனால் அவன் கண் அக்காவிடம் இல்லை. “நீ கூட வா” என்று அவளைக் கூப்பிட்ட அப்பாவின் முகத்தில் இருந்தது.

“அப்பா, நானும் வரட்டுமா?” என்றான்.

“வேணாம். அக்கா போதும்.”

ஜெபா மெல்ல வாளிகளைக் கீழே வைத்தான். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஜெஸ்ஸிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? மூன்று வாரமாக அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதே கண்ணோடுதானே!